தகரப் பெட்டிக்குள் ஒரு கிரீடம்

ஓவியம் காண வேண்டுமானால் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் நம் மலைநாட்டுக் கல்விக்கூடங்களில் ஊறிப்போயிருக்கிறது. போவதில் தவறில்லை. 1943-ல் தோன்றிய '43 குழு'வினரின் படைப்புகளை, அவர்களுள் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லத்தில் இன்றும் காணலாம். ஜோர்ஜ் கீற்றின் கோடுகளுக்கு முன் ஒரு பிற்பகலேனும் செலவிடாத கலை மாணவன் இழந்தது பெரிது. ஆனால், பதுளையில் ரயிலேறும் அம்மாணவன் எவற்றைக் காணாமலே விட்டுச் செல்கிறான்?

ஹாலிஎலைக்கு அப்பால், போகொடையில், ஓடையின் மேல் பழைய மரப்பாலம் ஒன்றுண்டு. ஓடு வேய்ந்த கூரை. செதுக்கு வேலை அமைந்த தூண்கள். ஆற்றைக் கடக்க ஒரு மரத்தடி போதாதா? நடந்து களைத்த வழிப்போக்கனின் கண்ணுக்கும் ஏதேனும் வேண்டும் என்று எண்ணினானே ஒரு தச்சன், அவன் பெயரை நாம் அறியோம்.

ஆனந்த குமாரசுவாமி கலையைக் கண்டதும் இவ்வாறு வழிநடையில்தான். 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகக் கல்லைத் தேடித் திரிந்தவர், கிராமத்துக் கைவினைஞரின் வாசலில் நின்றுவிட்டார். மனைவி எதெல் புகைப்படம் எடுத்தார். 1908-ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 425 பிரதிகளாக வெளிவந்தது. லயத்து மக்களின் கலைக்கு அதில் இடமில்லை. நூலின் தலைப்பே அதன் எல்லையைச் சொல்லிவிடுவதால் அவரைக் குறைகூற நான் துணியேன். கேள்வி நம்மை நோக்கியது.

நமுனுகுல மலைச்சாரலில், ஒரு தோட்டத்தில், மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்தேன். ரதியாக ஆடியவர் பகலில் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர். காமன் எரிந்தபின் அவர் வைத்த ஒப்பாரிக்குப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கண்ணோ மன்மதனின் கிரீடத்தை விட்டு அகலவில்லை. அட்டை, பொன்தாள், கண்ணாடித் துண்டு - இவ்வளவே பொருள். தப்பின் அடிக்கேற்ப அது மூடுபனியிலும் சுடர்ந்தது.

மறுநாள் அதைச் செய்த பெரியவரைத் தேடிப் போனேன். தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஈரத்தில் அட்டை ஊறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆண்டுதோறும் புதிதாக ஒட்டுவாராம். அளவு எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குத் தம் சாணையும் விரற்கடையையும் காட்டிச் சிரித்தார். "இது அப்பா கைக்கணக்கு, ஐயா." மகன்மார் இருவரும் கொழும்பில் கடைச் சிப்பந்திகள்.

தோட்டப் பாடல்களைத் தொகுக்க ஸி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் இருந்தார்கள். கம்பளைப் பகுதியில், பழைய லயமொன்றே 2007-ல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாயிற்று. பாட்டு ஏட்டில் ஏறிவிடும்; மண்வெட்டியைச் சுவரில் மாட்டிவிடலாம். பொன்தாளை மடிக்கும் விரலை என்ன செய்வது? அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைகின்ற மாணவன் வேண்டும்.

ஊவாவில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களைக் கேட்கிறேன்: பூச்சாடியும் மாம்பழமும் வரைந்தது போதாதா? அடுத்த மாசி பிறக்குமுன் நான்கு மாணவரை அளவுகோலும் வரைதாளுமாக அந்த லயத்துக்கு அனுப்புங்கள். பெரியவருக்கு வயது எழுபத்தொன்பது.