பொசுக்குனு ஆஃப் ஆகும் கம்ப்யூட்டர்... புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க!

போன வருட கத்திரி வெயில் நேரம். இரவு எட்டரை மணிக்கு அப்பாவிடமிருந்து போன். விருதுநகரில் சின்னதாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என எல்லா வேலையும் அங்கிருக்கும் ஒரே டெஸ்க்டாப்பில்தான்.

“ஒரு அஞ்சலி போஸ்டர் பாப்பா. ரெண்டு தடவை பாதியிலேயே பொசுக்குனு ஆஃப் ஆயிடுச்சு. வந்தவங்க வாசல்லயே நிக்கிறாங்க. காலையில பத்து மணிக்கு எடுக்குறாங்களாம்...”

சென்னையில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? “கால் மணி நேரம் ஆற விடுங்கப்பா. பெட்டியோட பக்கவாட்டு மூடியைக் கழட்டி, கொஞ்சம் தள்ளி டேபிள் ஃபேனை வைங்க. உள்ளே கை வைக்காதீங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோல் + எஸ் அழுத்துங்க” என்றேன். போஸ்டர் ஒரு வழியாக முடிந்தது.

மறுநாள் ஒரு மெக்கானிக், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், “போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லிவிட்டார். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாமா என்று அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நான் ஊருக்குப் போய்த் திறந்து பார்த்தேன். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூடுதான் பிரச்னை. மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள் முடிந்தது.

ஏன் அணைகிறது?

மிக்ஸியில் விடாமல் மாவு அரைத்தால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். மோட்டார் கருகிவிடாமல் காப்பாற்றும் ஏற்பாடு அது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான்.

நாம் சி.பி.யூ என்று சொல்லும் பெட்டிக்குள் பிராசஸர் என்ற சிப் இருக்கிறது. அதன் சூட்டை வெளியேற்ற, மேலே உலோகத் தகடுகளாலான ஹீட் சிங்க், அதற்கு மேல் ஒரு ஃபேன். சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட். இந்த மூன்றில் ஒன்று சொதப்பினாலும் சூடு உள்ளேயே தங்கிவிடும். இன்றைய பிராசஸர்கள் பலவற்றுக்கும் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கும்போது பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால், தன்னைக் காத்துக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். அதாவது, அணைவது கோளாறு அல்ல. கோளாறு இருக்கிறது என்ற எச்சரிக்கை.

சூடுதானா? இப்படி உறுதி செய்யுங்கள்

* அணைந்ததும் உடனே போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் அணைகிறது. கால் மணி நேரம் கழித்துப் போட்டால் ஓடுகிறது. காலையில் நன்றாக ஓடி, மதியம் தகராறு செய்கிறது. ஃபேன் இரைகிறது. இவையெல்லாம் சூட்டின் அறிகுறிகள்.

* ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பயாஸ் திரை வரும். அதிலேயே வெப்பநிலை தெரியும். விண்டோஸில் பார்க்க கோர் டெம்ப், ஹெச்.டபிள்யூ.மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

* சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி, கனமான வேலையில் 85 வரை என்றால் பரவாயில்லை. வெயில் காலத்தில் சற்றுக் கூடலாம். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அப்பாவின் கம்ப்யூட்டர் எந்த வேலையும் செய்யாமல் 82 காட்டியது.

சுத்தம் செய்யலாம், வாங்க

1. ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். உடம்பிலுள்ள ஸ்டேட்டிக் மின்சாரம் இறங்க, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. வாசலிலோ மாடியிலோ வைத்து மூடியைக் கழட்டுங்கள். மென்மையான பிரஷ், புளோயர் போதும். காற்று அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபேன் பளிச்சென்று இருந்தாலும் அதற்குக் கீழே ஹீட் சிங்க் இடுக்குகளைப் பாருங்கள். அப்பாவின் கம்ப்யூட்டரில் அங்கே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது.

3. ஹீட் சிங்க் ஆடுகிறதா என்று பாருங்கள. பல மாடல்களில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். ஒன்று கழன்றிருந்தாலும் சூடு சரியாக இறங்காது. எங்கள் கம்ப்யூட்டரிலும் ஒன்று கழன்றிருந்தது.

4. சில வருடங்கள் ஆகியிருந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதை மாற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைச் சில நிமிடங்கள் ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெதுவாகத் திருகியபடி ஹீட் சிங்க்கை எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சில மாடல்களில் பிராசஸரும் கூடவே வந்துவிடும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும். கை நடுங்கும் என்றால், மெக்கானிக்கை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.

5. மறுபடி ஆன் செய்யும்போது எல்லா ஃபேன்களும் சுற்றுகின்றனவா என்று பாருங்கள்.

இதைச் செய்யாதீங்க!

வீட்டு வேக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். அதில் உண்டாகும் ஸ்டேட்டிக் மின்சாரம் பாகங்களைக் கெடுக்கலாம். ஈரத்துணியும் வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

இன்னொன்று, காற்றோட்டம். அப்பாவின் பெட்டி மேஜைத் தட்டுக்குள், பின்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. போதாததற்கு, தூசி படக் கூடாதென்று அம்மா தைத்துக் கொடுத்த உறை வேறு. கடை திறந்ததும் உறையை முன்பக்கம் மட்டும் தூக்கிவிட்டு வேலை பார்த்திருக்கிறார்! காற்று வெளியேறும் பின்பக்கம் முழுக்க மூடியே இருந்திருக்கிறது. பெட்டியைச் சுற்றி, குறிப்பாகப் பின்னால், அரை அடியாவது இடம் விடுங்கள்.

சூடு இல்லையென்றால்?

ஆறிப்போன கம்ப்யூட்டர் ஆன் செய்த சில நொடிகளிலேயே அணைந்தால், வெப்பநிலை சரியாக இருந்தும் அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ், யு.பி.எஸ் பேட்டரி, லூஸான கேபிள் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். லேசர் பிரின்டரையோ ஜெராக்ஸ் மெஷினையோ கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் சொருகாதீர்கள். அவை ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல.

எந்தக் காரணமாக இருந்தாலும், முக்கியமான ஃபைல்களை இன்றே ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள்.

சுத்தம் செய்த பிறகு அப்பாவின் கம்ப்யூட்டர் 46 டிகிரிக்கு இறங்கியது. சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் அப்பா மறுபடி பேசினார். “அன்னிக்கு ராத்திரி நின்னாங்கல்ல, அவங்கதான் வந்திருந்தாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைப்பிதழ் அடிக்கணும்னாங்க. ஒரே மூச்சில முடிச்சுக் கொடுத்துட்டேன்.”

உறை என்னாச்சு என்று கேட்டேன். “அது இப்போ பிரின்டர் மேல இருக்கு” என்றார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதையும் பார்க்க வேண்டும்.