தூங்கும் ஓணானை எழுப்பலாமா?

ஓணானை யாராவது ஆசையாக வளர்ப்பார்களா?

வளர்க்கிறார்கள். இங்கிலாந்திலும், ஜெர்மனியிலும், அமெரிக்காவிலும் நாய், பூனையைப் போல ஓணானும் வீட்டுப் பிராணி ஆகிவிட்டது.

அதன் பெயர் தாடி ஓணான். பூர்வீகம், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. நம் ஊர் வேலி ஓணானுக்கு அது தூரத்துச் சொந்தம். வால் நுனி வரை அளந்தால் சுமார் 2 அடி நீளம் இருக்கும். கோபம் வந்தால் தொண்டையை உப்ப வைக்கும். தொண்டை கறுத்துப் போகும். பார்ப்பதற்குக் கறுப்புத் தாடி போலவே இருக்கும்.

தன் நாட்டுப் பிராணிகளை வியாபாரத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதை ஆஸ்திரேலியா 1960-களிலேயே தடுத்துவிட்டது. ஆகவே லண்டன் கடையில் விற்கும் ஓணான், ஆஸ்திரேலியாவைக் கண்ணால் கண்டதில்லை. கூண்டிலே பிறந்து, கூண்டிலே வளர்ந்தது. ஆனாலும் பரம்பரைக் குணம் போகவில்லை. குளிர் காலம் வந்ததும் பல ஓணான்கள் மூலையில் ஒதுங்கிப் படுத்து விடுகின்றன!

தின்பதில்லை. அசைவதில்லை. இப்படிச் சில வாரங்கள். சில சமயம் மூன்று மாதம் கூட ஆகும்.

வீட்டில் உள்ளவர்கள் பதறிப் போகிறார்கள். குழந்தைகள் அழுகின்றன. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

கரடி வேறு, ஓணான் வேறு

மனிதனுடைய உடம்பு தானாகவே சூட்டை உண்டாக்குகிறது. ஓணானுக்கு அந்த வசதி இல்லை. வெயிலில் காய்ந்தால்தான் அதற்குச் சூடு. சூடு இருந்தால்தான் தின்றது செரிக்கும். அதனால்தான் கூண்டுக்குள் விளக்கு வைக்கிறார்கள். விளக்கின் அடியில் 40 டிகிரி சென்டிகிரேட் அளவுக்கு வெப்பம் வேண்டும்.

காட்டிலே குளிர் காலத்தில் அவ்வளவு வெப்பத்துக்கு எங்கே போவது? இரையும் குறைவு. ஆகவே ஓணான் இருட்டில் பதுங்கிக் கிடக்கும். மூச்சும் இதயத் துடிப்பும் மெதுவாகும். கரடியின் குளிர்காலத் தூக்கம் வேறு, இது வேறு. அமெரிக்க விஞ்ஞானி வில்பர் மேஹியூ 1965-ல் இதற்குத் தனிப் பெயரே சூட்டினார். இடையிடையே ஓணான் கண் விழிக்கும். கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். திரும்பவும் படுத்துக் கொள்ளும்.

ஊட்டாதீர்கள்!

"பாவம், பட்டினி கிடக்கிறதே" என்று சிலர் அதன் வாயைப் பிளந்து ஆகாரம் ஊட்டுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் குளிர்ந்த வயிற்றில் விழுந்த ஆகாரம் செரிக்காது. உள்ளேயே கெட்டுப் போகும். ஓணான் செத்துப் போகலாம். பட்டினி அதைக் கொல்லாது. ஊட்டிய கைதான் கொல்லும்.

வேறு சிலர், அசையவில்லையே என்று செத்துவிட்டதாக எண்ணி விடுகிறார்கள். புதைக்கக் குழி தோண்டும் முன், விலாவைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். மெல்ல ஏறி இறங்கினால் உயிர் இருக்கிறது. சந்தேகம் என்றால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அப்படியானால் வளர்ப்பவருக்கு வேலையே இல்லையா? உண்டு. பெரும்பாலும் அது தூக்கத்துக்கு முந்திய வேலை.

ஓணான் மந்தமாகத் தொடங்கியதுமே வைத்தியரிடம் காட்ட வேண்டும். நோய் வந்தாலும் இப்படித்தான் சுருண்டு கிடக்கும். வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று எச்சத்தைச் சோதித்துச் சொல்வார். ஒரு வயது நிரம்பாத குட்டியையும், இளைத்த ஓணானையும் தூங்க விடுவது சரியல்ல. அவற்றுக்கு உடம்பில் சேமிப்புப் போதாது.

பிறகு ஆகாரத்தை நிறுத்த வேண்டும். விளக்கை உடனே அணைத்துவிடக் கூடாது. சுமார் இரண்டு வாரம் வெப்பம் இருக்கட்டும். தின்றதெல்லாம் செரித்து வெளியே போகட்டும். அதன் பிறகு விளக்கு எரியும் நேரத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்கலாம். இரைக்காக விட்ட சுவர்க்கோழிப் பூச்சி ஒன்று கூடக் கூண்டில் இருக்கக் கூடாது. தூங்கும் ஓணானை அது கடித்துப் புண்ணாக்கும்!

வாரம் ஒரு முறை தராசில் வைத்து எடை பார்த்தால் போதும். 400 கிராம் ஓணான் 40 கிராமுக்கு மேல் இளைத்தாலோ, கண் குழி விழுந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, அது வெறும் தூக்கம் அல்ல. வைத்தியரிடம் ஓட வேண்டும்.

மற்ற நேரத்தில் கையைக் கட்டிக் கொண்டு இருப்பதுதான் வைத்தியம். இது குழந்தைகளுக்குக் கஷ்டம். பெரியவர்களுக்கு அதைவிடக் கஷ்டம்! மூன்று மாதம் சும்மா இருக்க முடியாதவர்கள் தாடி ஓணானை வாங்காமல் இருப்பது நல்லது.

ஒரு நாள் அது தானாகவே எழுந்து வெளிச்சத்துக்கு வரும். அன்றைக்கே விருந்து வைக்கக் கூடாது. முதலில் விளக்கு. அடுத்துத் தண்ணீர். ஒன்றிரண்டு நாள் நன்றாகக் குளிர் காய்ந்த பிறகு, கொஞ்சம் கீரையும் இரண்டு பூச்சியும் கொடுக்கலாம்.