பாலக்காட்டு வண்டியும் டாங்ரா பத்திரிகையும்



கோவை உக்கடத்தில் பாலக்காட்டு வண்டிக்கு நிற்கிற ஒருவர் மலையாளப் பத்திரிகை விரித்திருந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாளையாறு தாண்டினால் அந்த மொழியின் சொந்த மண். ஒவ்வொரு வண்டியிலும் புதிதாகப் படிக்கிறவர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்படி வண்டி வராத ஒரு பத்திரிகையைப் பற்றி இந்த முறை எழுதத் தோன்றியது.

கொல்கத்தா டாங்ராவிலிருந்து 'சியோங் பாவ்' என்றொரு சீன நாளிதழ் வந்துகொண்டிருந்தது. லீ யூன் சின் 1969-இல் தொடங்கியது. அந்த ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். 1962 இந்திய-சீனப் போர் முடிந்து ஏழே வருடம். அந்தப் போரின்போது, இந்திய மண்ணிலேயே பிறந்தவர்கள் உட்படச் சுமார் 3,000 சீனர்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றி, ராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்தார்கள். சிலர் வெளியே வர வருடக்கணக்கானது. அந்தச் சூடு ஆறாத ஊரில் தினமும் சீன எழுத்தில் ஒரு தாளை அச்சடித்து விற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஹாங்காங், தைவான் சேதிகளோடு, கொல்கத்தா ஆங்கிலப் பத்திரிகைகளின் சேதியையும் மொழிபெயர்த்துப் போட்டார்கள். உள்ளூர் நடப்பு தெரியாமல் எப்படிப் பிழைப்பது?

டாங்ராவின் ஹக்கா சீனர்களுக்குத் தோல் பதனிடுவதுதான் தொழிலாக இருந்தது. (அந்த வாடை எப்படி இருக்கும் என்று ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.) 1990-களில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளை ஊருக்கு வெளியே போகச் சொன்னது. இளையவர்கள் டொரான்டோவுக்குப் பறந்தார்கள். மிஞ்சிய பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். சீன நாளிதழ் படிக்க இரண்டாயிரம், மூவாயிரம் எழுத்தாவது தெரிய வேண்டும். வீட்டில் பேசிப் பழகினால் மட்டும் அது வந்துவிடாது. இரண்டாயிரம் பிரதி விற்ற பத்திரிகை இருநூறுக்கு இறங்கியது. 2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சற்று முன் வந்ததே கடைசி இதழ். முதிய ஆசிரியர் குவோ-சாய் சாங்கும் அதே ஆண்டு காலமானார். அதன்பின் எடுத்து நடத்த ஆளில்லை.

கொரோனாதான் கொன்றது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுத்த தலைமுறையில் படிக்கிறவர் இல்லாமல் போனபோதே கணக்கு முடிந்துவிட்டது; ஊரடங்கு கதவைச் சாத்தியது, அவ்வளவுதான்.

சொந்த மண்ணிலேயே இருந்தாலும் பத்திரிகைகள் நிற்கத்தான் செய்கின்றன. அவிநாசி ரோட்டில் கண்டக்டர் 'நவ இந்தியா' என்று கூவும்போது இறங்குகிற கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கோவையில் வந்த ஒரு நாளிதழின் பெயர் என்று தெரியும்?

உங்கள் வீட்டு அட்டாலியில் பழைய 'நவ இந்தியா' இதழ் ஏதும் கிடந்தால் எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் நாங்களும் சொல்லிவைத்திருக்கிறோம். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோமுங்க.

அன்புடன்,
ஆசிரியர்