முடியாத கூரை



சென்ற மாதம் இப்பக்கத்தை என்னால் எழுத இயலவில்லை. எழுதுகோலை எடுத்தபோதெல்லாம் ஒரு முகம் வந்து எதிரே நின்றது. ஒன்பது வயதில் என்னிடம் ஓத வந்தவன், வளர்ந்தபின் நண்பனானான். இருபது ஆண்டு மூத்த ஆசிரியருக்கு இளைஞன் ஒருவன் நண்பனாவதா என நீங்கள் வியக்கக்கூடும். ஆனான், அதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை. மூன்று நாள் காய்ச்சலில், தன் 23 ஆம் வயதில், இறைவனின் அழைப்பை ஏற்றுச் சென்றுவிட்டான். பெயரை எழுதவில்லை. அவனுடைய உம்மா இவ்விதழை வாசிப்பவர்.

நல்லடக்கம் முடிந்து திரும்புகையில், கப்ருஸ்தான் வாயிலில் அவனுடைய தம்பி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். பன்னிரண்டு வயதுச் சிறுவன். நான் அவன் தோளைப் பற்றி, "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா? ஸபூர் செய்" என்று சற்று அதட்டலாகவே சொன்னேன். உடனே வாயை இறுக மூடிக்கொண்டான். சுற்றி நின்றோர் என்னை மெச்சித் தலையசைத்தனர்.

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு தோப்பு உண்டு. மாவும் புளியும் தென்னையும் நட்டவை. ஓரங்களில் தாமே முளைத்த காட்டு மரங்கள். அங்கே ஒரு சாய்ப்புக் குடில் அமைத்து, விடுமுறையில் மதரஸாப் பிள்ளைகளை ஓர் இரவு தங்கவைக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. வைகாசியில் இருவருமாகத் தொடங்கினோம். கலைப் பட்டம் பெற்ற எனக்கு ஒரு கவைக்கம்பை ஒழுங்காக நடத் தெரியாது. அவன் ஆசிரியனானான், நான் மாணவனானேன்.

"முதல்ல மேலே பாருங்க, ஹஜ்ரத்" என்பான். பட்டுப்போன கிளை தலைக்கு மேல் இருக்கலாகாது. தென்னைக்குக் கீழே இடம் பார்க்கலாகாது. பிறகுதான் தரையைப் பார்க்க வேண்டும்: தண்ணீர் ஓடிய தடமிருந்தால் அங்கே படுக்கை கூடாது. இரண்டு கவைக்கம்புகளை ஒன்றரை முழ ஆழத்தில் நட்டோம். கவைகளின்மேல் ஒரு குறுக்குக் கம்பு. அதிலிருந்து தரை நோக்கிச் சரிவாகக் கழிகள். கழிகளின் குறுக்கே வரிச்சுகள். சரிவு குறைந்தால் மழைநீர் ஓடாது, கூரைக்குள்ளேயே இறங்கிவிடும். ஆனி, ஆடியில் சாரல் மேற்கேயிருந்து கணவாய் வழியாகக் காற்றோடு வரும்; ஆதலால் குடிலின் முதுகு மேற்கே, வாய் கிழக்கே. தரையில் ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த சருகு பரப்ப வேண்டும். இல்லையேல் படுத்தவனின் சூட்டை ஈரமண் இழுத்துக்கொள்ளும். கம்புகள் யாவும் தோப்பில் விழுந்து கிடந்தவையே. (வேலிக்கு அப்பால் அரசின் காப்புக்காடு; அங்கே கம்பு வெட்டுவது குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் அரிவாளோடு புறப்பட வேண்டாம்!)

பனைநாரை நனைத்துக் கட்டினான். ஈரத்தில் வளைந்து கொடுக்கும், காய்ந்தால் விறைத்து நிற்கும் என்றான். கிடுகு வேய்வது மட்டும் பாக்கி. "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று ஒத்திப்போட்டவன் நான்தான்.

பத்ருப் போர்க்களத்தில், ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டில், அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்காக ஒரு குடில் அமைக்கலாம் என்று யோசனை கூறியவர் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள். பேரீச்ச மட்டைகளால் ஆன எளிய பந்தல் அது. மூன்று ஆண்டுகளுக்குப்பின், அகழ்ப்போரில் பட்ட காயத்தால் அந்த நண்பர் மறைந்தபோது அவர்களுக்கு ஏறத்தாழ 37 வயது. அப்போது அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் அழுதார்கள். தம் அறையில் இருந்தபடியே, இது இன்னாரின் அழுகை, இது இன்னாரின் அழுகை என்று குரலைக்கொண்டு பிரித்தறிய முடிந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அடுத்த அறைக்குக் கேட்கும் அழுகை! அழுதவர்களில் ஒருவர் உமர்! மார்க்கம் விலக்கியது ஒப்பாரியையும், கன்னத்தில் அறைந்துகொள்வதையும், ஆடையைக் கிழிப்பதையும்தான், கண்ணீரை அன்று. இந்தச் செய்தியை எத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்! கப்ருஸ்தான் வாயிலில் அது எங்கே போயிற்று?

மூன்று வாரம் கழித்துத் தனியே தோப்புக்குச் சென்றேன். எலும்புக்கூடாகக் குடில் நின்றது. சாரலில் நனைந்து ஒரு கட்டு நெகிழ்ந்திருந்தது. அது நான் கட்டியது. அவன் போட்ட கட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அங்கே எனக்கு ஸபூர் சொல்ல எவரும் இல்லை.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிறுவனைத் திண்ணைக்கு அழைத்து, "வாப்பா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிரு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். சற்றுப் பொறுத்து, "கிடுகு யாரு வேய்வா?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப்பின் இருவரும் சென்றோம். நான் கிடுகை எடுத்து மேலே குறுக்குக் கம்பில் வைத்துக் கட்டப்போனேன். "அப்படி இல்ல ஹஜ்ரத், கீழேயிருந்து வரணும்னு அண்ணன் சொல்லும். மேல் வரிசை கீழ் வரிசையை மூடணும். இல்லைன்னா தண்ணி உள்ள இறங்கும்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே நாரை நீட்டினான். நான் வாங்கிக் கட்டினேன்.

மூன்று வரிசை முடிந்தது. கிடுகு போதவில்லை. இன்னும் இரண்டு வரிசை மீதமிருக்கிறது. அடுத்த வெள்ளி போக வேண்டும்.