‘நீங்களே ராஜினாமா பண்ணிடுங்க’ என்கிறதா ஹெச்.ஆர்.? கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆட்குறைப்பு நடக்கும் நிறுவனங்களில் ‘டெர்மினேட்’ என்ற சொல் பெரும்பாலும் காதில் விழாது. “நீங்களே ராஜினாமா பண்ணிடுங்க. ரெலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும், அடுத்த வேலைக்கு நல்லது” என்றுதான் சொல்வார்கள். கேட்க அக்கறை போலத் தெரியும். ஆனால், அந்த ஒரு மெயிலால் ஊழியர் இழப்பது எவ்வளவு?

சட்டம் என்ன தருகிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றில் தொழில் உறவுகள் தொகுப்பின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. இதுபோக, மறுதிறன் நிதி என்ற பெயரில் 15 நாள் ஊதியத்தை நிறுவனம் செலுத்த வேண்டும். அது 45 நாட்களுக்குள் தொழிலாளரின் வங்கிக் கணக்குக்கு வந்துசேர வேண்டும்.

மாத ஊதியம் 30,000 ரூபாய், சர்வீஸ் 4 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் சம்பளம் 30,000, இழப்பீடு 60,000, மறுதிறன் நிதி 15,000. மொத்தம் 1,05,000 ரூபாய். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இந்த மூன்றையும் சட்டப்படி கேட்க முடியாது.

யாருக்குப் பொருந்தும்?

எல்லோருக்கும் அல்ல. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள். அதேநேரம், ‘மேனேஜர்’, ‘லீட்’ என்று ஐடி கார்டில் இருப்பதாலேயே ஒருவர் வெளியே போய்விடுவதில்லை. பதவிப் பெயரைவிட, உண்மையில் செய்த வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. குறித்த கால ஒப்பந்தம் முடிந்து வெளியேறுவதும் ஆட்குறைப்பு ஆகாது.

வேலையில்லா காலத்துக்கு உதவித்தொகை உண்டா?

உண்டு. ஆனால் அதன் வாசல் குறுகியது. இ.எஸ்.ஐ. நிறுவனத்தின் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ 2018 ஜூலையில் தொடங்கியது. சராசரி தினசரி ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த உதவி, கொரோனா காலத்தில் 50 சதவீதமானது. வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாட்களுக்குப் பெறலாம். தினசரி ஊதியம் 600 ரூபாய் என்றால், அதிகபட்சம் 27,000 ரூபாய் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. வரம்பே மாதம் 21,000 ரூபாய்தான். எனவே அதற்கு மேல் சம்பளம் வாங்கும் பெரும்பாலான ஐ.டி. ஊழியர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், விருப்ப ஓய்வில் சென்றவர்களுக்கும் கிடையாது. திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவதால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

ராஜினாமா செய்தாலும் கிடைப்பவை

ராஜினாமாவோ, நீக்கமோ, எதுவானாலும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. ‘செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்’ என்ற பழைய பதில் சம்பளத்துக்கு இனி செல்லாது. தகுதியான சர்வீஸ் இருந்தால் பணிக்கொடையும் உண்டு. பி.எஃப். பணம் எப்போதும் ஊழியருடையதே.

மிரட்டிக் கையெழுத்து வாங்கினால்?

கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா, ராஜினாமாவே அல்ல என்று வாதிட வழி இருக்கிறது. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியவர் ஊழியர்தான். அதனால், மீட்டிங்கில் வாய்மொழியாகச் சொன்னதை அன்றே மெயிலில் பதிவு செய்ய வேண்டும். ‘நிறுவனம் கேட்டுக்கொண்டதால்’ என்ற ஒரு வரி பின்னாளில் பெரிய சாட்சியாகலாம். ஆபீஸ் மெயில் எந்த நிமிடமும் முடங்கலாம் என்பதால், பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகளின் பிரதிகள் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் முறையிடலாம். தீர்வு இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு வேலை போன நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம்.

நிறுவனங்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. முறையாக நோட்டீஸ் கொடுத்து இழப்பீட்டைத் தந்துவிட்டால் விவகாரம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மிரட்டி வாங்கிய ராஜினாமாவோ, ஆண்டுக்கணக்கில் வழக்காக இழுக்கலாம்.

“இன்னைக்கே மெயில் அனுப்புங்க” என்று அவசரப்படுத்தினால், ஊழியர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “யோசிச்சு சொல்றேன், நீங்க கேட்டதை எழுத்துல கொடுங்க.”