பூவாறு பொழிமுகம்: படகுக்கு உரிமம் உண்டு, வேளைக்கு யார் பொறுப்பு?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பூவாறு படகுத்துறைக்குப் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் வந்தவர்கள், வங்கிகளிலும் அலுவலகங்களிலும் எழுத்தர்களாக இருப்பவர்கள், களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வந்த உறவினருக்கு ஊர் சுற்றிக் காட்டுபவர்கள் என்று பலரும் அங்கே நிற்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, எத்தனை பேர் ஏறலாம், குழந்தைக்குக் கட்டணம் உண்டா என்ற கேள்விகள் எழும். பேரமும் நடக்கும். ஆனால், இப்போது கடல் ஏற்றத்தில் இருக்கிறதா, இறக்கத்தில் இருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, அணையைக் கடந்து நெய்யாற்றின்கரை வழியாக வந்து பூவாறில் கடலைச் சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அதை அறுத்துக்கொண்டு நீர் வெளியேறும் வாய்தான் பொழி. பக்கத்துக் கிராமத்துக்குப் பொழியூர் என்ற பெயரே இருக்கிறது. இந்தப் பொழி நிலையானதல்ல. மழைக்காலத்தில் அகலும், கோடையில் ஒடுங்கும், சில சமயம் மணல் மூடி அடைந்தே போகும். போன மாதம் படகு போன தடத்தில் இந்த மாதம் முழங்கால் ஆழம்கூட இல்லாமல் போகலாம். உல்லாசப் படகுகள் பெரும்பாலும் மணல்திட்டுக்கு உட்புறமுள்ள காயலில்தான் சுற்றுகின்றன என்பது உண்மையே. ஆனால் அந்தக் காயலின் நீர் முழுவதும் நாள்தோறும் இந்த ஒரே வாய் வழியாகத்தான் கடலோடு கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது.

ஒரு மீட்டர்தானே என்ற அலட்சியம்

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே நீர்மட்டம் பத்து மீட்டர்வரை மாறுபடும். திருவனந்தபுரம், குமரிக் கரைகளில் அந்த வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. இதனாலேயே இங்கே ஏற்றவற்றத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பரந்த காயலில் சேர்ந்த நீர் ஒரு குறுகிய வாய் வழியாக வெளியேறும்போது, அரை மீட்டர் வேறுபாடுகூட வேகமான ஓட்டமாகிவிடுகிறது. வெளியேறும் ஓட்டமும் உள்ளே வரும் அலையும் நேருக்கு நேர் மோதினால் அலையின் நீளம் குறுகி, முதுகு செங்குத்தாக எழும்பி உடையும். அதே அலை ஏற்ற நேரத்தில் வழுவழுப்பாக உருண்டு உள்ளே வந்திருக்கும்.

எஞ்சின் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். ஏற்றத்தின்போது எஞ்சின் நின்றால் ஓட்டம் படகை உள்ளே, காயலை நோக்கித் தள்ளும். அவமானத்தோடு போய்விடும். இறக்கத்தின்போது நின்றால் படகு வெளியே, அலை உடையும் இடத்துக்கு இழுபடும். படகு ஒன்றுதான், ஓட்டுபவரும் ஒருவர்தான், கோளாறும் ஒன்றுதான். வேறுபட்டது வேளை மட்டுமே.

இதனால்தான் பொழி பக்கம் போகும் படகு ஏற்றத்தின் கடைசிப் பகுதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் ஆறே கால் மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி வரும். ஒரே நாளில் வரும் இரண்டு ஏற்றங்களும் இக்கரையில் ஒரே அளவாக இருப்பதில்லை. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இராகுகாலம் பார்த்துவிட்டுப் புறப்படுகிறவர்கள், அதே தாளில் அமாவாசை எப்போது என்றும் பார்த்துக்கொண்டால் இராகுகாலம் பார்த்ததைவிடப் பயன் கிட்டும். துல்லியமான நேரம் வேண்டுமானால் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணை இருக்கிறது.

அட்டவணையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கடலில் ஏற்றம் முடிந்த அந்தக் கணமே பொழியில் ஓட்டம் திரும்பிவிடாது. சற்றுத் தாமதித்துத்தான் திரும்பும். மலையில் கனமழை பெய்து நெய்யாறு அணையின் மதகுகள் உயர்த்தப்பட்டால், ஏற்ற நேரத்திலும் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கக்கூடும். அடைபட்டிருந்த பொழி உடைந்தாலோ, வெட்டிவிடப்பட்டாலோ, தேங்கிய நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாக ஓடும். இந்த நாட்களில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதுதான் திட்டம்.

தானூரும் முதலப்பொழியும்

கேரளத்தின் படகு விபத்துப் பட்டியல் நீளமானது. 2002 ஜூலை 27-ல் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குச் சென்ற அரசுப் படகு கவிழ்ந்து 29 பேர் மாண்டனர். அரசுப் பணித் தேர்வு எழுதப் புறப்பட்ட இளைஞர்கள் பலர் அதில் இருந்தனர். எழுத்தர் வேலைக்கு அலைந்த யாருக்கும் அந்தச் செய்தி நெஞ்சில் தைத்திருக்கும். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் 45 பேர் இறந்தனர். 2023 மே 7-ல் தானூரில் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் 22 பேர் பலியாயினர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியது, இருட்டிய பிறகு ஓட்டியது என எல்லாத் தவறுகளும் அங்கே ஒன்றுகூடின.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஆணையம் அமைக்கப்பட்டது அல்லது விசாரணை நடந்தது. விதிகளும் கடுமையாயின. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. பதிவு, தகுதிச் சோதனை, ஸ்ராங்கின் தகுதிச் சான்று, ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை, மிதவைச் சட்டை எல்லாவற்றையும் அது பேசுகிறது. இவை வேண்டியவைதான். ஆனால் இவை அனைத்தும் படகைப் பற்றியவை. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் சோதனை, இன்று மாலை நாலு மணிக்குப் பொழியில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லாது.

அதைச் சொல்ல முதலப்பொழியே போதும். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டி அமைத்த மீன்பிடித் துறைமுகம் அது. அந்த முகத்துவாரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். 2023 ஜூலை 10-ல் மட்டும் நான்கு பேர். 2025 ஏப்ரலில் மணல் சேர்ந்து வாயே அடைந்தது. தெற்கே, எல்லைக்கு இந்தப் பக்கம் தேங்காப்பட்டணத்திலும் குழித்துறையாற்றின் முகத்தில் இதே மணல், இதே அலை, இதே கண்ணீர். இறந்தவர்கள் நீச்சல் தெரியாத சுற்றுலாப் பயணிகள் அல்ல. அவர்கள் பிறந்ததிலிருந்து கடலை அறிந்தவர்கள். அவர்களையே கவிழ்க்கும் வாய்க்கு அருகே, குடும்பத்தோடு ஒரு மணி நேர உலாவுக்குப் போகிறவர் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

திருடனைப்போல் வரும் கடல்

சந்திரனுக்கும் கட்டுப்படாத ஒன்று உண்டு. வானம் தெளிந்திருக்கும், காற்று இராது, ஆனாலும் கடல் பொங்கும். கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். 2012-ல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை ஏற்றது. இந்துமாக்கடலின் தென்கோடியில் எழும் புயல்காற்று கிளப்பிவிடும் நீண்ட அலைகள், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து இங்கே வந்து சேர்கின்றன. 2024 மார்ச் 31-ல் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் கடல் புகுந்தது இப்படித்தான். அதே ஆண்டு மே 6-ல் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. சில நாள் பயணம் செய்து வரும் அலை என்பதால் முன்கூட்டியே சொல்லமுடியும். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் அவ்வாறே எச்சரிக்கை வெளியிட்டும் இருந்தது. எச்சரிக்கை கடற்கரையில் நின்றவர்களின் காதை எட்டவில்லை.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயலின்போதும் நடந்தது அதுவே. நீரோடி, பொழியூர், பூந்துறைப் படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன.

ஒரு காலத்தில் இக்கரையில் பொழியைத் தொடாமலே படகில் போக ஒரு வழி தேடினார்கள். 1860-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு கடலுக்குள் இறங்காமல் இணைப்பதற்காக வெட்டப்பட்டது. பூவாறிலிருந்து கொல்லங்கோடு, தேங்காப்பட்டணம் வழியாக மண்டைக்காடுவரை அதன் தடம் இன்றும் உண்டு. திட்டம் முழுமை பெறவில்லை. 1956-ல் எல்லை வந்து கால்வாயும் இரண்டு மாநிலங்களுக்குரியதாயிற்று. பிறகு தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் பல இடங்களில் சாக்கடையாகிவிட்டது.

துறையில் ஒரு பலகை

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படகுத்துறை ஒவ்வொன்றிலும் அன்றைய ஏற்ற, இறக்க நேரம், கள்ளக்கடல் எச்சரிக்கை, அணை மதகின் நிலை ஆகிய மூன்றையும் காலையில் எழுதிவைக்கும் ஒரு கரும்பலகை. எழுதுவது மலையாளத்திலும் தமிழிலும் இருக்கட்டும். எல்லைக் கிராமத்தில் இது சலுகை அல்ல, தேவை. பொழியிலிருந்து இன்ன தூரத்துக்கு அப்பால் உல்லாசப் படகு போகக்கூடாது என்று மிதவை கட்டி அடையாளமிடுவதும் கடினமல்ல. உள்ளாட்சியும் துறைமுகத் துறையும் சேர்ந்து ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

பலகை வரும்வரை ஏறுபவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மிதவைச் சட்டை இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை, துறையிலேயே அணிந்து கட்டிக்கொள்ள வேண்டும். நங்கூரமும் போதிய கயிறும் உண்டா, பெட்ரோல் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று இருக்கிறதா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். பொழிவரை போய் அலையைக் காட்டுங்கள் என்று நூறு ரூபாய் கூடக் கொடுத்து ஓட்டுபவரைத் தூண்டுவோரும் உண்டு. அந்த நூறு ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் இருக்கும்போதே கரை திரும்ப வேண்டும். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. அதைக் கரையில் இருக்கும்போதே கைபேசியில் பதிந்துகொள்ளலாம்.