தன் கருவி தான் செய்தல்

கருவியின்றிக் காரியம் இல்லை. உழவனுக்குக் கொழு வேண்டும். தச்சனுக்கு உளி வேண்டும். தையற்காரனுக்கு ஊசி வேண்டும். இவை யாவும் இரும்பால் ஆனவை. இரும்பால் ஆகாத கருவியும் இரும்புக் கருவியின் துணைகொண்டே செய்யப்படுகின்றது. ஆதலால் தொழில்கள் பலவற்றிற்கும் தாயாக விளங்குவது கொல்லுத் தொழில் எனலாம். மற்றைத் தொழிலாளர் தம் கருவிகளைப் பெறக் கொல்லனது பட்டறையை நாடிச் செல்வர். கொல்லனோ தன் சுத்தியலையும் குறட்டையும் உளியையும் தானே அடித்துக்கொள்வான். தன் தொழிலுக்கு வேண்டிய கருவியைத் தானே ஆக்கிக்கொள்ளும் இவ்வாற்றல் வேறு தொழிலாளர்க்கு எளிதில் வாய்ப்பதன்று.

முன்னாளில் ஊர்தோறும் ஓர் உலைக்களம் இருந்தது. விடியற்காலையில் துருத்தியின் பெருமூச்சும் சம்மட்டியின் ஒலியும் தெருவெங்கும் கேட்கும். பின்னர் ஆலைகள் பெருகின. ஆயிரக்கணக்கில் வார்த்தும் அழுத்தியும் செய்யப்பட்ட கருவிகள் குறைந்த விலைக்குக் கடைகளில் கிடைத்தன. ஊர்க்கொல்லனது உலையில் நெருப்பு மெல்ல மெல்ல அவிந்தது. இஃது எல்லா நாடுகளிலும் நிகழ்ந்த மாற்றமே.

ஆயினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. எந்திரத் தொழில் மிக ஓங்கிய நாடுகளிலேதான் அவிந்த உலை மீண்டும் மூட்டப்பட்டது. மூட்டியவர் பலர் பிறவிக் கொல்லர் அல்லர். ஆசிரியரும் எழுத்தரும் பொறியாளரும் தம் ஓய்வு நாட்களில் கரியும் இரும்பும் தேடிச் சென்றனர். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கலைக்கொல்லர் சிலர் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். வட அமெரிக்கா முழுவதிலும் கொல்லுக்கலையை வளர்ப்பது அதன் நோக்கமாயிற்று. இவ்வாறு பிழைப்புக்காக அன்றி, விருப்பத்திற்காகவே இரும்படிப்போர் பெருகினர். இது வேலையற்றோர் விளையாட்டா, அன்றி வேண்டத்தக்க கல்வியா என்னும் வினா எழுகின்றது. ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, இது சிறந்த கல்வியே என்பது ஆராய்வார்க்கு விளங்கும்.

இக்கல்விக்கு இலக்கணமாக வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. அலெக்சாண்டர் வெய்கர்ஸ் என்பது அவர் பெயர். 1901ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில் டச்சுக் குடும்பத்தில் பிறந்த அவர், ஹாலந்தில் பொறியியல் கற்றார். பின்னர் அமெரிக்கா சென்றார். மனைவியின் மறைவுக்குப் பின்னர்ச் சிற்பக்கலையில் உள்ளம் தோய்ந்தார். சிற்பிக்கு உளி பலவகை வேண்டும். அவற்றை அவர் தாமே செய்துகொண்டார். கலிபோர்னியாவில் கார்மல் பள்ளத்தாக்கில் தம் இல்லத்தையும் தம் கையாலேயே கட்டி வாழ்ந்தார்; நாடி வந்தோர்க்குக் கருவி செய்யும் முறையைக் கற்பித்தார். 1973ஆம் ஆண்டில் கருவி செய்தலைப் பற்றியும், 1974ஆம் ஆண்டில் கொல்லுத் தொழிலைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. அந்நூல்களில் உள்ள படங்களும் அவர் வரைந்தவையே. அவர் நாடியது விலையுயர்ந்த உலோகம் அன்று. பிறர் எறிந்த பழைய வில் பட்டைகளும் தேய்ந்த அரங்களுமே அவருக்குப் போதிய மூலப்பொருளாயின. கழிவெனக் கிடப்பதில் கருவியைக் காணும் கண்ணே அவர் மாணவர்க்கு அளித்த முதற்செல்வம்.

அக்கண்ணைப் பெறுவதற்கு ஒருவன் செய்ய வேண்டுவது யாது? மோட்டார் வண்டியின் பழைய சுருள்வில் துண்டு ஒன்றைக்கொண்டு மர உளி செய்யும் முறையை எடுத்துக்கொள்வோர், அதனை எளிதில் அறிவர். அடுக்கிய செங்கல்லும் காற்றூதும் சிறு பொறியும் உலையாகும். தண்டவாளத் துண்டு ஒன்று பட்டடையாகும். ஒரு சுத்தியலும் ஒரு குறடும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

இரும்பு காயும்போது நிறத்தால் பேசுகின்றது. முதலில் மங்கிய சிவப்பு, பின்னர்ச் செர்ரிப் பழத்தின் சிவப்பு, அதன்பின் செம்மஞ்சள், அதற்கும் மேலே மஞ்சள். செம்மஞ்சள் நிறத்தில் வில் எஃகு களிமண் போல் இளகி அடிக்கு இடங்கொடுக்கும். சிவப்பு மங்கிய பிறகும் அடிப்பானாயின் வெடிப்பு உண்டாகும். வெண்மை படர்ந்து பொறி பறக்கும் வரை காய்ச்சுவானாயின் எஃகு கருகிவிடும். கருகிய எஃகை மீட்க வழியில்லை. முற்படினும் கேடு, பிற்படினும் கேடு. உரிய காலம் சில நொடிகளே. அந்நொடிகளில் கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட வேண்டும்.

வடிவம் அமைந்த உளியை மீண்டும் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அது மென்மையாகும். அரத்தால் அராவி விளிம்பைச் செப்பஞ் செய்யலாம். அதன்பின் அதற்கு வன்மை ஊட்ட வேண்டும். வெப்பம் 770 டிகிரி செல்சியசை நெருங்கும்போது இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ, அவ்வெஃகிற்கு ஏற்றதில் சட்டெனத் தோய்த்தால் அது கடுவன்மை பெறும். ஆனால், அவ்வன்மை கண்ணாடியின் வன்மை. கீழே விழுந்தால் நொறுங்கிவிடக்கூடும். ஆதலின் அதனைப் பதப்படுத்த வேண்டும். விளிம்பைத் தேய்த்து மினுக்கி, உளியின் பின்பக்கத்தை மெல்லச் சூடேற்றினால், மினுக்கிய பரப்பில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். வைக்கோலின் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்பது அவற்றின் வரிசை. ஏறத்தாழ 230 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை அடுத்து நீலமும் தோன்றும். வைக்கோல் நிறம் விளிம்பை அடைந்ததும் மீண்டும் தோய்த்துவிட்டால், மர உளிக்கு வேண்டிய பதம் நிலைபெறும். நீலம் வரும்வரை வாளாவிருந்தால் உளி வில் போல் வளையும். ஆனால் கூர்மை நில்லாது.

மெல்ல ஆறினால் மென்மை, விரைந்து ஆறினால் வன்மை, அளவறிந்து மீண்டும் காய்ந்தால் உறுதி என ஓரிரும்பே மூவகைப் பண்பு பெறுவதற்குக் காரணம் அதனுள் இருக்கும் கரியே. நூறு பங்கு வில் எஃகில் கரி ஒரு பங்கும் இராது. அச்சிறு கரி, விரைந்து குளிரும்போது வெளியேற வழியின்றி இரும்பணுக்களின் இடையே சிறைப்படுகின்றது. அதனால் எஃகு வன்மையுறுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் எஃகில் கரிக்கு உரிய பங்கை வேதியியலார் தெளிந்தனர். கொல்லரோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அதன் பயனைத் தம் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர்.

இவ்வுண்மைக்குத் தமிழகத்திலும் சான்று உண்டு. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வில் பழங்கால இரும்பு உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. தென்னிந்தியாவில் மண் மூசைகளில் உருக்கப்பட்ட எஃகு கடல் கடந்தும் புகழ்பெற்றிருந்தது. அதன் இயல்பை அறிய விரும்பி இலண்டன் நகரில் ஆராய்ந்தவருள் ஒருவர் மைக்கேல் பாரடே. மின்னியல் மேதையாகிய அவர், 1819ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், கத்தி செய்வதில் வல்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து எஃகை ஆராய்ந்தார். பாரடேயின் தந்தை ஒரு கொல்லர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கற்ற அறிஞரும் கைவல்ல தொழிலாளியும் ஒரே உலையின் முன் நின்ற காட்சி அது. கையறிவும் நூலறிவும் பிரிந்து நிற்கும்வரை இரண்டும் குறையுடையனவே. ஓய்வு நேரத்தில் உலை மூட்டும் மாணவனிடத்தில் அவ்விரண்டும் ஒன்றுகூட வாய்ப்புண்டு. வேதியியல் பாடத்தில் படித்த கரியை அவன் தன் உளியின் விளிம்பில் காண்கின்றான்.

இக்கல்வியால் பெறும் பயன் கருவி மட்டும் அன்று. இரும்பு முகமன் அறியாது. செல்வன் மகன் என்று அஞ்சாது. முதல் மதிப்பெண் பெற்றவன் என்று இரங்காது. முதல் உளி கோணும், இரண்டாவது வெடிக்கும், மூன்றாவது மழுங்கும். பிழை யாருடையது என்பதில் ஐயம் எழுவதற்கே இடமில்லை. தேர்வில் தவறினால் வினாத்தாளைக் குறை கூறலாம். உலைக்களத்தில் குறை கூற ஒருவரும் இலர். தன் பிழையைத் தானே கண்டு, மீண்டும் காய்ச்சி, மீண்டும் அடிக்கும் பொறுமையே அங்குக் கிடைக்கும் பெரும்பேறு.

இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். "கடையில் சிறு விலைக்குக் கிடைக்கும் உளிக்காகப் பல நாள் உழைப்பது அறிவுடைமையா?" என்பர் அவர். பொருட்கணக்கு மட்டும் பார்ப்பின் அவர் கூற்று மெய்யே. ஆயினும், வாங்கிய கருவி உடைந்தால் அது குப்பைக்குச் செல்லும். செய்த கருவி உடைந்தால் மீண்டும் உலைக்குச் செல்லும். தன் கையால் ஒன்றைச் செய்தவன் பொருளின் வாழ்நாளை நீட்டிக்கக் கற்றவன். பழுதுபார்க்க அறியாமல் எறிந்துவிடும் பழக்கம் மிகுந்துவரும் காலத்தில் இவ்வறிவு வீட்டிற்கும் நாட்டிற்கும் சேமிப்பாகும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. "ஒருவனுக்கு வாழ்க்கையாக உள்ள தொழிலை மற்றொருவன் பொழுதுபோக்காகக் கொள்வது முறையா?" என்பது அது. ஊர்க்கொல்லன் மழைக்கால முன்னிரவு வரை கொழு அடிப்பது இன்பத்திற்காக அன்று, அடுப்பெரிவதற்காக. விருப்பத்திற்கு அடிப்பவன் களைத்தால் சுத்தியலை வைத்துவிட்டுப் போகலாம். பிழைப்புக்கு அடிப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. முன்னவன் கைக்கொப்புளத்தைப் பெருமையாகக் காட்டுவான்; பின்னவன் கைத்தழும்பை எவரும் நோக்குவதில்லை. இவ்வேற்றுமையை மறந்து தொழிலின் இனிமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

முன்னர்க் கூறிய நிபந்தனை இங்கேதான் பொருந்துகின்றது. பொழுதுபோக்காகக் கற்பவன், கூடுமானால் தன் ஊர்க் கொல்லனையே ஆசானாகக் கொள்ள வேண்டும். அவரது பட்டறைக்குச் சென்று வணங்கிக் கற்க வேண்டும்; கற்பித்த நேரத்திற்கு உரிய ஊதியத்தைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும்; தான் செய்ததை மலிவாக விற்று அவர் வாணிகத்தைக் கெடுத்தல் கூடாது. இங்ஙனம் செய்வானாயின், அவனது பொழுதுபோக்கே ஒரு தொழிலாளிக்குத் துணையாகும். ஓர் உளியைச் செய்யத் தான் பட்ட பாட்டை அறிந்தவன், அரிவாளுக்கு விலைபேசும்போது கொல்லனோடு வாதாடமாட்டான். பிறப்பு நோக்கித் தொழிலையும், தொழில் நோக்கி மனிதரையும் தாழ்த்தும் தீய வழக்கத்திற்கு அவன் கைக்கரியே தக்க மறுமொழியாகும். தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசும் கொல்லனது மகனும், தன் உடன் பயில்வோன் அதனை விரும்பிக் கற்பதைக் கண்டு தலைநிமிர்வான்.

உலைக்களத்திற்குச் செல்வோர் அடக்கத்துடன் அச்சத்தையும் சிறிது உடன்கொண்டு செல்லுதல் நலம். தேர்ந்த பெரியவர் அருகில் இன்றி மாணவர் உலை மூட்டலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், உடலுக்குப் பருத்தி ஆடையும், காலுக்குத் தோற்செருப்பன்றி மூடிய காலணியும் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பைக் காய்ச்சினால் நச்சுப்புகை எழும். அதனை உலையில் இடுதல் கூடாது. சிவந்த இரும்பை எவரும் தொடார். சிவப்பு நீங்கிக் கறுத்துக் கிடக்கும் இரும்பே கையைச் சுடும். அதனைக் கண்டு ஏமாறாதிருத்தல் வேண்டும்.

எல்லாரும் கொல்லராதல் வேண்டா, ஆகவும் இயலாது. ஆயினும், வாழ்நாளில் ஒரு கருவியையேனும் தன் கையால் செய்து பார்த்தவனுக்கு உலகிலுள்ள கருவிகள் யாவும் புதிய பொருளுடன் தோன்றும். ஒவ்வொன்றின் பின்னும் ஒருவரது வியர்வை உண்டு என்பதை அவன் மறவான். அவன் செய்த உளி சற்றே கோணியிருக்கலாம், மினுமினுப்புக் குறைந்திருக்கலாம். அக்கோணல் உளியால் அவன் மரம் செதுக்குந்தோறும், எண்ணும் தலையும் செய்யும் கையும் ஒருவருக்கே உரியவை என்னும் உண்மை உறுதிப்படும்.